பிறர் துயரைக் காணும் கண்: அகஸ்டீனின் கேள்வியும் புதிய நாடகங்களின் அரங்கும்

மேடையில் நடிக்கப்படும் துயரத்தைக் கண்டு கண்ணீர் சிந்துவது இரக்கம்தானா, அல்லது இரக்கத்தின் பெயரால் மனிதர் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளும் இன்பமா என்ற கேள்வியை மேற்கின் சமயச் சிந்தனை நெடுங்காலமாகச் சுமந்து வந்திருக்கிறது. பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில், சொந்த வாழ்வில் அடக்கி வைக்க வேண்டிய புலம்பலை அரங்கில் அவிழ்த்துவிடப் பழகும் உள்ளம் நாளடைவில் உறுதி குலைந்துவிடும் என்று எச்சரித்தார். ஆயினும் அக்கேள்வியை ஒழுக்கத்தின் தளத்திலிருந்து அருளின் தளத்துக்கு உயர்த்தியவர், வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக இருந்த அகஸ்டீன்தான். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய 'ஒப்புதல்கள்' என்னும் தன்வரலாற்றின் மூன்றாம் பகுதியில், கார்த்தேஜ் நகரில் மாணவராக இருந்த காலத்தில் அவலக் காட்சிகளின் மீது தமக்கிருந்த வேட்கையை நினைவுகூர்ந்து, தான் பட விரும்பாத துன்பத்தைப் பிறர் படக் காண்பதற்கு ஒருவன் பொருள் கொடுத்து ஏன் செல்கிறான் என்று அவர் வினவுகிறார். அரங்கில் இருப்பவனை யாரும் உதவிக்கு அழைப்பதில்லை. வருந்துமாறு மட்டுமே அழைக்கிறார்கள். அவன் வருந்தாவிட்டால் ஏமாற்றமடைகிறான், வருந்தினால் மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறான். உண்மையான இரக்கம் உடையவனோ, இரங்குவதற்குரிய துன்பமே உலகில் இல்லாதிருக்க வேண்டும் என்று விரும்புபவன். துன்பம் நிகழ வேண்டும், தான் அதைக் கண்டு உருக வேண்டும் என்று விரும்புபவனின் உருக்கத்துக்கு இரக்கம் என்ற பெயர் பொருந்துமா என்பதே அகஸ்டீனின் குற்றச்சாட்டு.

பதினெட்டாம் நூற்றாண்டில் ரூசோ இக்குற்றச்சாட்டைச் சமய மொழியிலிருந்து குடிமைப் பண்பின் மொழிக்கு மாற்றினார். ஜெனீவா நகரில் நாடக அரங்கு அமைக்கலாம் என்ற யோசனையை எதிர்த்து 1758ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தலாம்பேருக்கு எழுதிய நீண்ட மடலில், கற்பனைப் பாத்திரங்களுக்காக அழுபவர்கள் தம்மிடமிருந்து எதையும் இழக்காமலேயே மனிதநேயக் கடமையை நிறைவேற்றிவிட்ட மனநிறைவைப் பெறுகிறார்கள் என்றும், உண்மையான ஏழையின் முன் நின்றால் செலவாகக்கூடிய பொருளும் நேரமும் அரங்கில் செலவாவதில்லை என்றும் அவர் வாதிட்டார். அவல நாடகம் அச்சத்தையும் இரக்கத்தையும் எழுப்பி அவற்றைத் தூய்மையாக்குகிறது என்ற அரிஸ்டாட்டிலின் கருத்து இதற்கு வழக்கமாகத் தரப்படும் விடையாகும். ஆனால் அந்த விடை பார்வையாளனின் உள்ளத்துக்கு என்ன நிகழ்கிறது என்பதை மட்டுமே சொல்வதால், பார்க்கப்படும் துயரத்துக்கு அவன் என்ன கடன்பட்டிருக்கிறான் என்ற அகஸ்டீனின் வினா அதன் அருகே தீண்டப்படாமலேயே கிடக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு, அதாவது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் முறையை ஆராயும் இயலுக்கு, உரை கண்ட பேராசிரியர் அழுகையைத் தானே அவலித்தல், பிறர் அவலம் கண்டு அவலித்தல் என இருவகையாகப் பிரித்து, ஒன்றை அவலமென்றும் மற்றொன்றைக் கருணையென்றும் கொள்வதற்கு இடமுண்டு என்று காட்டுகிறார். இப்பகுப்பைக் கையில் வைத்துக்கொண்டால் அகஸ்டீனின் ஐயத்தை இன்னும் துல்லியமாகக் கூற முடியும்: அரங்கில் சிந்தப்படும் கண்ணீர் கருணையின் வடிவில் வெளிப்பட்டாலும், பார்வையாளன் உண்மையில் தன்னைக் குறித்தே அவலித்துக்கொண்டிருக்கக் கூடும்.

இந்த ஐயத்தை முன்வைத்தவர்களும் மறுத்தவர்களும் பெரும்பாலும் ஒரு பொதுவான நிலையை எடுத்துக்கொண்டார்கள். கிரேக்க அரங்கில் அமர்ந்தவர்களுக்கு ஈடிபஸின் கதை முன்பே தெரியும். பிற்காலத்தவருக்கோ அந்த நாடகம் போற்றத்தக்கது என்பதும் முன்பே தெரியும். எந்தக் கட்டத்தில் நெஞ்சு உருக வேண்டும், எந்தப் பாத்திரம் இரக்கத்துக்கு உரியது என்பவற்றை மரபு ஏற்கெனவே முடிவு செய்து தந்துவிட்ட நிலையில்தான் பார்வையாளன் இருக்கையில் அமர்கிறான். தான் நாடி வந்த கண்ணீர் தனக்குக் கிடைக்கும் என்ற உறுதி அவனுக்கு உண்டு. அகஸ்டீனின் குற்றச்சாட்டு முழு வலிமையோடு பாய்வது இந்த உறுதியின் மீதுதான். அவ்வுறுதி இல்லாத இடத்தில், அதாவது இதுவரை யாரும் பார்த்திராத, நல்லதென்றோ தீயதென்றோ எவரும் தீர்ப்பளித்திராத ஒரு நாடகத்தின் முன்னால், பிறர் துயரைக் காணும் செயலின் தன்மை மாறுகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. அதனைச் சோதித்துப் பார்ப்பதற்கு, புதிய நாடகங்களை மேடையேற்றுவதையே தன் நோக்கமாகக் கொண்டு எழுபது ஆண்டுகளை ஒட்டி இயங்கிவரும் லண்டன் ராயல் கோர்ட் அரங்கைவிடப் பொருத்தமான இடம் அரிது.

லண்டனின் செல்வச் செழிப்பு மிக்க செல்சிப் பகுதியில், ஸ்லோன் சதுக்கத்தின் கிழக்கு ஓரத்தில், சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கும் இக்கட்டடம் 1888ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்னாட் ஷாவின் நாடகங்கள் பல இங்கு அரங்கேறின. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சேதமுற்றுப் பின்னர் மீண்ட இவ்வரங்கில், 1956ஆம் ஆண்டில் ஜார்ஜ் டிவைன் தலைமையில் ஆங்கில மேடைக் குழு குடியேறியது. அக்குழுவின் நோக்கம் நடிகர்களுக்கோ இயக்குநர்களுக்கோ முதலிடம் தராமல் எழுத்தாளருக்கு முதலிடம் தருவதாக இருந்தது. அவ்வாண்டு மே 8ஆம் நாள் ஜான் ஆஸ்பர்ன் எழுதிய 'லுக் பேக் இன் ஆங்கர்' மேடையேறியபோது நாளேடுகளின் வரவேற்பு பெரும்பாலும் குளிர்ந்தே இருந்ததும், பிறகு அதே நாடகம் ஒரு தலைமுறையின் குரலாக ஏற்கப்பட்டதும் ஆங்கில நாடக வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்திகள். அவற்றைவிட நுட்பமானது டிவைனின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஒரு கொள்கை: எழுத்தாளருக்குத் தோற்கும் உரிமை உண்டு என்பது. வெற்றி பெறும் என்ற உறுதி கிடைத்த பின்னரே ஒரு படைப்பை மக்கள் முன் வைப்பது என்றால், எவரும் கேட்டுப் பழகாத குரலுக்கு மேடையே கிடைக்காது; ஆகவே தோல்விக்கு இடம் கொடுக்கும் துணிவே அரங்கின் முதல் கடமை என்று இக்கொள்கையை விளக்கலாம்.

அவ்வரங்குக்குச் செல்பவரின் நிலையை இக்கொள்கை எவ்வாறு மாற்றுகிறது என்பது பொதுவாகக் கவனிக்கப்படுவதில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகத்துக்குச் செல்பவர் நடிப்பையும் இயக்கத்தையும் முந்தைய மேடையேற்றங்களோடு ஒப்பிட்டு எடை போடலாம். புதிய நாடகத்துக்குச் செல்பவரிடம் அத்தகைய அளவுகோல் ஏதுமில்லை. விமர்சகர்கள் எழுதுவதற்கு முன்பே நடைபெறும் முன்னோட்டக் காட்சிகளில், நாடகமே இன்னும் முழு வடிவம் பெற்றிருப்பதில்லை. பார்வையாளர் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே இருக்கையில் நெளிகிறார்கள் என்பதைப் பார்த்து ஆசிரியரும் இயக்குநரும் மறுநாள் காலையில் வரிகளை மாற்றுவதுண்டு. நாடகத்தின் அச்சிட்ட பிரதியே நிகழ்ச்சிக் கையேடாக நுழைவாயிலில் விற்கப்படுவதும் இவ்வரங்கின் வழக்கம். காட்சியில் கேட்டதை வீட்டில் வாசித்து, தான் கொண்ட முடிவு சரியா என்று பார்வையாளர் தாமே திரும்பிப் பார்க்க அது வழி செய்கிறது. ஏறத்தாழ 380 இருக்கைகள் கொண்ட கீழரங்கில் அமர்ந்திருக்கும்போது அருகில் ஓடும் சுரங்க ரயிலின் அதிர்வு அவ்வப்போது காதில் விழுகிறது. வெளி உலகை முற்றிலும் மறக்கச் செய்யும் மாயத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது என்பதை இவ்வரங்கின் குறையாகக் கொள்ளத் தேவையில்லை.

எதை மேடையில் காணலாம், எதைக் காணக்கூடாது என்பதைப் பார்வையாளருக்கு முன்பே வேறொருவர் முடிவு செய்யும் ஏற்பாடு இங்கிலாந்தில் 1968 வரை சட்டமாகவே நிலவியது. அரண்மனை அதிகாரியான சேம்பர்லின் பிரபுவின் அலுவலகம் ஒவ்வொரு புதிய நாடகத்தின் பிரதியையும் வாசித்து உரிமம் வழங்கிய பின்னரே அதைப் பொதுமக்கள் முன் நடிக்க முடியும். கடவுளையோ கிறிஸ்துவையோ மேடையில் பாத்திரமாகக் காட்ட அவ்வலுவலகம் இசைவதில்லை. சாமுவேல் பெக்கெட்டின் 'எண்ட்கேம்' நாடகம் இந்த ஏற்பாட்டின் சமய உள்ளடக்கத்தைத் தெளிவாக வெளிப்படுத்தியது. அந்நாடகத்தின் பிரெஞ்சு மூலம் 1957 ஏப்ரலில் ராயல் கோர்ட்டில்தான் முதன்முதலாக அரங்கேறியது. அதில் உலகம் ஏறக்குறைய அழிந்துபோன நிலையில் எஞ்சியிருப்பவர்கள் இறைவேண்டல் செய்ய முயல்கிறார்கள். விடை ஏதும் வராதபோது அவர்களில் ஒருவன் கடவுளை வசைச்சொல்லால் குறித்து, அவர் இல்லை என்கிறான். பிரெஞ்சு மொழியில் தடையின்றிப் பேசப்பட்ட இப்பகுதியை, அடுத்த ஆண்டு ஆங்கில வடிவம் வந்தபோது அலுவலகம் ஏற்க மறுத்தது. நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பின் வசைச்சொல் ஒன்றைச் சற்று மென்மையான வேறொன்றாக மாற்ற ஆசிரியர் இசைந்த பிறகே 1958 அக்டோபரில் நாடகம் மேடையேறியது. டிவைனே அதில் முதன்மைப் பாத்திரம் ஏற்றார். கடவுள் இல்லை என்ற கூற்று நின்றது, இல்லாதவரை ஏசிய சொல்தான் மாற்றப்பட்டது என்பதைக் கவனித்தால், அலுவலகம் காத்தது இறைவனின் மதிப்பையா, கேட்போரின் வசதியையா என்ற ஐயம் எழுகிறது. விடை வராத வேண்டலில் இருந்து எழும் சினம் சமய உணர்வுக்கு எதிரானது என்று கொள்வது பிழை. விவிலியத்தின் யோபு, இறைவனைக் கேள்வி கேட்டதற்காகவே அவ்வேதத்தில் இடம் பெற்றவர்.

எட்வர்ட் பாண்ட் எழுதிய 'சேவ்ட்' 1965 நவம்பரில் இதே அரங்கில் நடந்தபோது வழக்கு மன்றம் வரை சென்றது. பூங்கா ஒன்றில், தள்ளுவண்டியில் கிடக்கும் குழந்தையை இளைஞர் கூட்டமொன்று விளையாட்டாகத் தொடங்கிக் கல்லெறிந்து கொல்லும் காட்சி அதில் உண்டு. அக்காட்சியை நீக்க ஆசிரியர் மறுத்ததால் உரிமம் கிடைக்கவில்லை. அரங்கு தன்னை உறுப்பினர் சங்கமாக அறிவித்துக்கொண்டு நாடகத்தை நடத்தியது. நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடரப்பட்டு, தீர்ப்பும் அதற்கு எதிராகவே வந்தது. ஆயினும் உரிமம் வழங்கும் முறையின் மீது எழுந்த கேள்விகள் ஓயாததால், மூன்றே ஆண்டுகளில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அகஸ்டீனின் கேள்வியோடு இந்நாடகத்தைப் பொருத்திப் பார்க்கும்போது கல்லெறியும் காட்சியைவிட இறுதிக் காட்சி முக்கியமாகிறது: ஏறக்குறைய ஒரு சொல்லும் பேசாத குடும்பத்தின் நடுவே லென் என்ற இளைஞன் உடைந்த நாற்காலி ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறான். அழுவதற்குரிய வாய்ப்பு எதையும் பாண்ட் அங்கே தரவில்லை. கொலையின்போதே கண்ணீர் வந்திருக்க வேண்டும் என்று எண்ணும் பார்வையாளர், அப்போது அச்சத்திலும் அருவருப்பிலும் உறைந்திருந்த தம்மை இப்போது காண்கிறார். தாம் எதிர்பார்த்து வந்த உருக்கம் தமக்கு மறுக்கப்பட்டதாலேயே, உருக்கத்துக்கு அப்பால் தாம் செய்யக்கூடியது என்ன என்ற வினா அவர்முன் நிற்கிறது.

1969இல் மேல்தளத்தில் திறக்கப்பட்ட சிற்றரங்கில் 1995 ஜனவரியில் அரங்கேறிய சாரா கேனின் 'பிளாஸ்டட்' இவ்வினாவை அதன் எல்லைக்கே கொண்டு சென்றது. லீட்ஸ் நகர விடுதி அறையொன்றில் நடுவயதுப் பத்திரிகையாளன் ஒருவன் கேட் என்ற இளம்பெண்ணுக்கு இழைக்கும் கொடுமையாகத் தொடங்கும் நாடகம், திடீரென்று ஒரு படைவீரன் நுழைய, குண்டு வெடித்துச் சுவர் பிளக்க, உள்நாட்டுப் போரின் களமாக மாறிவிடுகிறது. போஸ்னியப் போரில் முற்றுகையிடப்பட்ட ஸ்ரெப்ரெனிகாவிலிருந்து ஒரு மூதாட்டி அழுதபடி உதவி கேட்டதைத் தொலைக்காட்சியில் கண்ட பின்னரே, அறைக்குள் நிகழும் வன்முறையையும் போரின் வன்முறையையும் ஒரே நாடகத்தில் இணைக்கும் எண்ணம் தமக்கு வந்ததாக ஆசிரியர் கூறியிருக்கிறார். செய்தித்தாள்களின் கண்டனம் கடுமையாக இருந்தது. பாண்டும் ஹரால்ட் பின்டரும் நாடகத்துக்கு ஆதரவாகப் பேசினர். ஜப்பானில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட நிலநடுக்கம் நிகழ்ந்த அதே வாரத்தில், சில ஏடுகள் அந்நிகழ்வைவிடத் தமது நாடகத்துக்கே கூடுதல் இடம் ஒதுக்கியதைக் கேன் பின்னர் சுட்டிக்காட்டினார். ரூசோவின் குற்றச்சாட்டு இங்கே தலைகீழாகிறது: உண்மைத் துயரைப் பற்றிப் பேசாமல் நடிக்கப்பட்ட துயரைப் பற்றி ஆவேசம் கொண்டவர்கள் அழுதவர்கள் அல்லர், கண்டித்தவர்கள்.

இறுதிப் பகுதியில் கேட், தன் கையில் இறந்த குழந்தையைத் தரைப்பலகையின் கீழ் புதைத்து, பலகைத் துண்டுகளால் சிலுவை செய்து, வேண்டுகிறாள். கண்ணிழந்த பத்திரிகையாளனோ கடவுளும் இல்லை, மறுமையும் இல்லை என்று உறுதியாக நம்புபவன். இருவரில் யார் சொல்வது உண்மை என்று நாடகம் முடிவு செய்வதில்லை. தனக்குத் தீங்கிழைத்தவனுக்கே அவள் தான் கொண்டுவந்த உணவை ஊட்டுவதும், அவன் அவளுக்கு நன்றி கூறுவதும்தான் கடைசி நிகழ்வுகள். இளமையில் தீவிரக் கிறித்தவ நம்பிக்கையில் வளர்ந்து பின் அதைக் கைவிட்ட ஆசிரியரின் இக்காட்சியை, பசித்தவருக்கு உணவிடுதல் என்ற நற்செய்திக் கட்டளையின் நடிப்பு வடிவம் என்று வாசிப்பது தவறாகாது. ஆனால் முதல் நாளில் அங்கே அமர்ந்திருந்த சிறு எண்ணிக்கையினருக்கு அவ்வாசிப்பை யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை. அவர்கள் கண்டது கொடுமையின் மேல் கொடுமை. நடுவே, கணநேரத்தில் நழுவிப்போகக்கூடிய ஓர் ஈகை. அதைக் காணாமல் விட்டவர்கள் பலர், அவர்களில் தேர்ந்த விமர்சகர்களும் இருந்தார்கள். அந்தத் தவறலைக் கண்ணுள்ளோர் எல்லோருக்கும் நேரக்கூடியதாகக் கொள்வதே நேர்மை, ஏனெனில் முன்னறிவிப்பின்றி வரும் துயரின் நடுவே எது கருணை என்று அடையாளம் காண்பது அரங்குக்கு வெளியிலும் அவ்வளவே கடினம்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் (1909–1943) கவனம் என்ற சொல்லுக்குத் தந்த பொருள் இங்கே துணை செய்கிறது. அவர் கருத்தில், கவனம் என்பது மனத்தை இறுக்கி ஒருமுகப்படுத்துவதன்று. தன் எண்ணங்களைச் சற்று நிறுத்தி, எதிரே உள்ளது தன் இயல்பில் வந்து பதியுமாறு உள்ளத்தைக் காலியாக வைத்திருப்பது. இறைவேண்டலின் சாரம் இக்கவனமே என்றும், துன்புறுபவனிடம் அவன் படும் துன்பம் யாது என்று கேட்கக்கூடிய ஆற்றலே அயலார் மீதான அன்பு என்றும் அவர் எழுதினார். துன்பத்தை வகைப்படுத்தி, அதற்குரிய உணர்ச்சியை ஆயத்தமாக வைத்துக்கொண்டு வருபவரால் அக்கேள்வியைக் கேட்க முடியாது, ஏனெனில் விடை அவரிடம் முன்பே இருக்கிறது. அகஸ்டீனும் தம் நண்பர் அலிப்பியஸைப் பற்றிக் கூறும்போது இதை அறிந்தே எழுதியதாகத் தோன்றுகிறது. வாள்வீரர் மோதலுக்கு வற்புறுத்தி அழைத்துச் செல்லப்பட்ட அலிப்பியஸ் கண்களை இறுக மூடியிருந்தார். கூட்டம் எழுப்பிய ஆரவாரம்தான் அவற்றைத் திறக்கச் செய்தது, திறந்த கண்கள் உடனே கூட்டத்தின் கண்களாகிவிட்டன. காட்சியைவிட, காட்சிக்கு இன்னவாறு எதிர்வினை செய் என்று ஆயிரம் தொண்டைகள் கற்பிப்பதே அங்கு அவரை வீழ்த்தியது. எவரும் பார்த்திராத நாடகத்தின் முன், எப்போது ஆரவாரிப்பது என்று கூட்டத்துக்கே தெரியாதபோது, ஒவ்வொருவரும் தம் கண்ணோடு தனித்து விடப்படுகிறார்கள்.

இதனால் புதிய நாடகம் இயல்பாகவே அருள் நிறைந்தது என்று கொண்டுவிட முடியாது. கவனம் தவறுவது பார்வையாளரிடம் மட்டுமன்று, படைப்பவரிடமும் நிகழ்கிறது. 2021ஆம் ஆண்டில் ராயல் கோர்ட் மேடையேற்றிய ஒரு புதிய நாடகத்தில், பேராசை கொண்ட கோடீஸ்வரப் பாத்திரத்துக்கு யூதப் பெயர் சூட்டப்பட்டிருந்தது. யூதரைப் பற்றிய பழம் வசைச் சித்திரத்தை அது திரும்ப உயிர்ப்பிக்கிறது என்று எழுந்த எதிர்ப்பின் பின் அப்பெயர் மாற்றப்பட்டது, அரங்கு மன்னிப்பும் கேட்டது. பலர் வாசித்தும் ஒத்திகை பார்த்தும் இது எவர் கண்ணிலும் படாமலோ, பட்டும் பொருட்படுத்தப்படாமலோ போயிருக்கிறது. தோற்கும் உரிமை என்ற கொள்கையின் விலையை எழுத்தாளர் மட்டுமே செலுத்துகிறார் என்று டிவைனின் காலத்தில் எண்ணியிருக்கலாம்; உண்மையில் அவ்விலையின் ஒரு பங்கை மேடையில் இல்லாத ஒரு மக்கள் கூட்டம் செலுத்த நேர்கிறது. மறு ஆண்டு யூதர்களின் சொந்த வாக்குமூலங்களைக் கொண்டு அதே அரங்கு ஒரு நாடகத்தை உருவாக்கியது, வெய்லின் கேள்வியைக் காலம் தாழ்த்தியேனும் கேட்க முயன்றதாகும். அதைக் கொண்டு முந்தைய தவறு ஈடு செய்யப்பட்டதாகக் கணக்கு முடிக்க வேண்டியதில்லை.

அகஸ்டீனின் வினாவில் ஒரு பகுதி இவற்றுக்கெல்லாம் பின்னரும் நிலைத்து நிற்கிறது. உதவிக்கு அழைக்கப்படாத இரக்கம் எத்தகைய இரக்கம் என்று அவர் கேட்டதற்கு, புதிய நாடகம் நேர் விடை தருவதில்லை. ஸ்லோன் சதுக்க அரங்கின் மேல்தளத்தில் சிறு எண்ணிக்கையினர் ஒரு போர்க்களத்தைப் பார்த்துவிட்டுச் சுரங்க ரயில் ஏறி வீடு செல்வதால் ஸ்ரெப்ரெனிகாவில் எவரும் பிழைத்துவிடவில்லை. 'பிளாஸ்டட்' அரங்கேறிய ஆறு மாதங்களில், 1995 ஜூலையில், அங்கு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். கண்ணீரைக் கருணையோடு குழப்பிக்கொள்ளும் வாய்ப்பைக் குறைப்பதும், உதவிக்கான அழைப்பு எந்த முகத்தோடு வரும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடும் பழக்கத்தைத் தளர்த்துவதுமே அத்தகைய அரங்கால் இயலும். அலறலை அலறலாகக் கேட்கப் பழகிய காது, அழைக்கப்படும்போது எழுந்து செல்லும் என்பதற்கு எந்த நாடகமும் பிணை நிற்க இயலாது.